காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்டா?

வடசென்னையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் எவர்சில்வர் பட்டறைகள் இருக்கும் தெருக்களுக்குள் போனால், பாலிஷ் சக்கரத்தின் இரைச்சல் காதிலும் அதன் கரும்பொடி சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். தகட்டை வட்டமாக வெட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, விளிம்பை மடித்து, பளபளப்பேற்றி அனுப்புகிற தொழில் இது. சரக்கின் தரம் பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது: காந்தம். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு, ஒட்டினால் மட்டம். பாத்திரத்துக்கு இது ஓரளவு உதவும் சோதனைதான்.

சிக்கல், அதே காந்தத்தை மல்டிடூல் மேல் வைக்கும்போது வருகிறது. நடுவில் கட்டிங் பிளேயர், இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் கத்தி, திருப்புளி, அரம், ரம்பம், டப்பா திறப்பான் என்று மடங்கிக்கிடக்கும் அந்தக் கையடக்கக் கருவியை இன்று டிரெய்லர் ஓட்டுநர் முதல் புல்லட்டில் லடாக் போகிற இளைஞர் வரை பலர் வைத்திருக்கிறார்கள். பர்மா பஜாரில் சில நூறு ரூபாய்க்கு ஒன்று, பிராண்டு கடையில் பல ஆயிரத்துக்கு ஒன்று. வாங்கி வந்ததும் வீட்டில் யாராவது காந்தத்தை வைத்துப் பார்த்து, “ஒட்டுது, இது டூப்ளிகேட்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு தலைகீழானது.

எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பெயர்போன 304 ரகத்தில் இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். சேலம் உருக்காலையில் உருட்டப்படும் துருப்பிடிக்காத தகடுகளிலும் இது ஒரு முக்கிய ரகம். நிக்கல் சேர்ந்ததால் இரும்பின் அணுக்கள் ஆஸ்டெனைட் எனப்படும் அடுக்கில் உட்கார்ந்துவிடுகின்றன. அந்த அடுக்கைக் காந்தம் இழுக்காது. நன்றாக வளையும், ஆழமாக இழுத்தாலும் கிழியாது. அண்டாவுக்கும் டம்ளருக்கும் வேறென்ன வேண்டும்? ஆனால் இதைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினாலும் கடினமாகாது. இந்த உலோகத்தில் கத்தி செய்தால் இன்று தீட்டிய முனை நாளைக்கே மழுங்கும்.

கத்திக்கான எஃகு வேறு சாதி. குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நிக்கல் பெயருக்குத்தான். கரி 0.4, 0.5 சதவீதம். இதை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால், வெளியேற நேரம் கிடைக்காத கரியணுக்கள் இரும்பின் அடுக்குக்குள் சிக்கி அதை இறுக்கிவிடும். அப்படி இறுகிய அமைப்புக்கு மார்டென்சைட் என்று பெயர். அது கடினமானது, காந்தமும் அதை இழுக்கும். ஆகவே நல்ல மல்டிடூலின் கத்தியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டாத கத்திதான் சந்தேகத்துக்குரியது.

அதற்காக ஒட்டினாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கரி குறைந்த மலிவு எஃகும் ஒட்டும், சரியாகக் காய்ச்சாத நல்ல எஃகும் ஒட்டும், குரோம் முலாம் பூசிய வெறும் இரும்பும் ஒட்டும். பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு வேடிக்கையும் உண்டு: அசல் 304 தகட்டைக்கூடப் பிரஸ்ஸில் ஆழமாக இழுத்தால், மிகவும் நெளிந்த இடங்களில் ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி மார்டென்சைட்டாக மாறும். பாத்திரத்தின் நடுவில் ஒட்டாத காந்தம் விளிம்பருகே லேசாக இழுபடுவது அதனால்தான். பாவம், நல்ல பாத்திரத்துக்கு வீண்பழி.

ஒரு மல்டிடூலின் ஆயுளைத் தீர்மானிப்பவை மூன்று: எஃகுக்கு எவ்வளவு பதம் ஏற்றினார்கள், கீல்களை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தினார்கள், உப்பு எங்கே போய்த் தங்குகிறது. மூன்றுமே கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதவை.

பதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடினத்தை அளக்க உலகெங்கும் ராக்வெல் அளவுகோல் இருக்கிறது. வைரக்கூம்பு ஒன்றை 150 கிலோ சுமையில் உலோகத்தின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் எண் அதிகம். சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் 1884இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அந்த நிறுவனம் தன் பாக்கெட் கத்திகளுக்குச் சொல்லும் எண்களைக் கவனித்தால் மல்டிடூல் தொழிலின் சூட்சுமம் விளங்கும். கத்தி 56, ரம்பமும் கத்தரியும் 53, திருப்புளியும் டப்பா திறப்பானும் 52, அவற்றைப் பிடித்து நிறுத்தும் வில் 49.

எல்லாவற்றையும் 56க்கே ஏற்றிவிட்டால் என்ன? கடினம் கூடக்கூட எஃகு நொறுங்கத் தொடங்கும். கத்தி முனைக்குத் தேய்மானத்தைத் தாங்கும் கடினம் வேண்டும். திருப்புளிக்குத் திருகும்போது முறியாத வலு வேண்டும். வில்லோ ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிரவேண்டும், விறைப்பாக இருந்தால் ஒருநாள் படக்கென்று போய்விடும். ஆகவே காய்ச்சி முக்கிய எஃகை மறுபடி மிதமான சூட்டில் வைத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் இளக்குகிறார்கள். நம்மூர்க் கொல்லர்கள் அரிவாளுக்கும் உளிக்கும் வேறுவேறு தோய்ச்சல் கொடுப்பதும் இதே கணக்குதான்.

போலிகள் விழுவது இங்கே. அசலின் வடிவத்தை அச்சு எடுத்துவிடலாம், முத்திரையையும் லேசரில் பொறித்துவிடலாம். உலையின் சூட்டைச் சில டிகிரிக்குள் கட்டுப்படுத்துவதும், உறுப்புக்கு உறுப்பு பதம் மாற்றுவதும்தான் காசு தின்னும் வேலை. வெளியே தெரியாத வேலை என்பதால் முதலில் கைவைப்பதும் அதில்தான். வியாசர்பாடி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் யாரிடமாவது ஒரு நல்ல அரத்தைக் கேட்டு வாங்கிக் கத்தியின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தால் ஓரளவு தெரிந்துவிடும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் கடித்தால் இல்லை. வாங்கும் முன்பு கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.

இன்னொரு பேரமும் எஃகுக்குள்ளேயே நடக்கிறது. துருவைத் தடுப்பது குரோமியம். அது காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடுப் படலத்தை விரிக்கிறது. கீறினாலும் தானே ஆறிவிடும் படலம் அது. ஆனால் கடினத்துக்காகக் கரியைக் கூட்டினால், அந்தக் கரி குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும். அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் படலத்துக்கு உதவாது. முனை நெடுநாள் நிற்கும் எஃகு துருவுக்கு இளகிக்கொடுப்பதும், துருவே பிடிக்காத எஃகு சீக்கிரம் மழுங்குவதும் இதனால்தான். லெதர்மேன் பல மாடல்களில் பயன்படுத்தும் 420எச்.சி எஃகு நடுவழியில் நிற்பது. அதை “மட்டமான எஃகு” என்று ஏளனம் செய்பவர்கள் கடலோரத்தில் வாழ்பவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

வடசென்னையின் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு உள்ளே வந்து, நீர் உலர்ந்ததும் உப்பாகப் படிகின்றன. கடலுக்கு அருகே இருக்கும் வீட்டு ஜன்னல் கம்பியையும் சில கிலோமீட்டர் தள்ளி வியாசர்பாடியில் இருக்கும் ஜன்னல் கம்பியையும் ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் விட்டு அரிப்பை அளக்கிறது. மணலி பக்கமிருந்து வரும் கந்தக வாயுவும் ஈரக்காற்றில் சேர்ந்தால் அமிலம்தான்.

உப்பிலுள்ள குளோரைடு அயனி குரோமியப் படலத்தின் பரம எதிரி. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைத்து உள்ளே போய்விடும். துளைக்குள் ஆக்சிஜன் குறைவு. ஆகவே படலம் மறுபடி உருவாகாது. உள்ளே கரையும் குரோமியம் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும், அமிலம் மேலும் கரைக்கும். வெளியே ஊசிமுனை அளவு கரும்புள்ளி, உள்ளே பள்ளம். திறந்த பரப்பைவிட இடுக்குகளில் இது வேகமாக நடக்கும். மல்டிடூல் என்பதே இடுக்குகளால் ஆன பொருள். ஒவ்வொரு கீலுக்கும் இரண்டு பக்கமும் தலைமுடி நுழையாத சந்து. அதில் பாக்கெட் பஞ்சு, வியர்வை, மீன்பிடி படகின் உப்புநீர் எல்லாம் தங்கும். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அட்டையில் போட்டிருக்கிறதே என்று கேட்டுப் பயனில்லை. நல்ல தண்ணீரில் திறந்து கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, கீலுக்கு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். கடலில் வேலை செய்பவர்களுக்கு இது வாராந்திர வேலை. வியாசர்பாடியில் மாதம் ஒருமுறை போதும்.

பிளேயர் பக்கம் வருவோம். வளையாமல் இருக்க வேண்டிய உறுப்பு இதுதான், அதிகம் அடிபடுவதும் இதுதான். கணக்கு எளிது. கீலிலிருந்து ஒன்பது செ.மீ தள்ளிக் கைப்பிடியை 25 கிலோ விசையில் அழுத்துகிறோம், வெட்டும் வாய் கீலிலிருந்து ஒன்றரை செ.மீ தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கம்பியின் மேல் ஆறு மடங்கு, அதாவது 150 கிலோ விழும். கீல் ஆணி தாங்குவது இரண்டையும் கூட்டிய 175 கிலோ. தனிப் பிளேயரில் அந்த ஆணியைச் சுற்றிக் கட்டி எஃகு இருக்கும். மல்டிடூலில் எடை குறைக்க எல்லாவற்றையும் செதுக்கிவிட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் இரண்டு தாடைகளும் பக்கவாட்டில் ஆடத்தொடங்குவது இங்கேதான்.

எந்தக் கம்பியை வெட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். செம்பு வயர், அலுமினிய வயர், கட்டடத்தில் சட்டம் கட்டும் கட்டுக்கம்பி எல்லாம் இளகிய உலோகம், பிரச்சினையில்லை. கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், சைக்கிள் ஸ்போக்ஸ், வில்கம்பி இவை இழுத்து முறுக்கேறியவை. கிளட்ச் கேபிளின் ஒரு இழை பார்க்க நூல் மாதிரி இருக்கும், கடினத்தில் வெட்டும் வாய்க்குச் சளைத்ததல்ல. வெட்டினால் வாயில் பிறைநிலா வடிவில் பொக்கை விழும். புல்லட்டின் கேபிள் அறுந்து நடுரோட்டில் நிற்பவருக்கு வேறு வழியில்லைதான். சில லெதர்மேன் மாடல்களில் வெட்டும் வாயை மட்டும் திருகு கழற்றி மாற்றிக்கொள்ளலாம். பயனர்கள் கேபிளை வெட்டாமல் விடமாட்டார்கள் என்று தயாரிப்பாளரே ஒத்துக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மழுங்கிய கத்தியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. அரிவாள்மனைக்கு அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் வேகமாகச் சுற்றும் உலர் சாணையில் மெல்லிய கத்திமுனை சில நொடிகளில் முந்நூறு டிகிரியைத் தாண்டிவிடும். இருநூறு டிகிரி அளவில் கவனமாக இளக்கிய பதம் அத்தோடு போச்சு. முனை வைக்கோல் நிறத்துக்கோ நீலத்துக்கோ மாறினால் அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள். தண்ணீர் விட்டுக் கையால் தீட்டும் கல்லே போதும். பிராண்டு நிறுவனங்களின் சேவை மையத்தில் அந்த நீலக்கறையைப் பார்த்தவுடன் உத்தரவாதமும் முடிந்துவிடும்.

உத்தரவாதம். மல்டிடூல் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். 1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் மனைவியோடு ஐரோப்பாவில் பழைய ஃபியட் காரில் சுற்றியபோது, கார் மக்கர் செய்தது, விடுதிக் குழாய் ஒழுகியது. பாக்கெட்டில் இருந்த கத்தியில் பிளேயர் இல்லையே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை, பல நிறுவனங்களால் நிராகரிக்கப்பட்டு, 1983இல்தான் ஒரு தபால்வழி வியாபார நிறுவனத்தின் 500 கருவி ஆர்டரோடு சந்தைக்கு வந்தது. இன்று லெதர்மேன் 25 வருட உத்தரவாதம் தருகிறது. விக்டோரினாக்ஸ் தன் கத்திகளின் பொருள், வேலைப்பாட்டுக் குறைகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது.

ஏன் இவ்வளவு தாராளம்? 1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதிய பழைய கார் சந்தை பற்றிய கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. அவர் அதற்கு முன் டெல்லியில் ஓராண்டு இருந்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் ஓட்டைப் பொருளுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் சந்தையை விட்டே போய்விடும். புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலைக்குள் நடந்த காரியத்தை வாங்குபவர் பார்க்க முடியாது. உத்தரவாதச் சீட்டு அதற்கு ஈடாக நிற்கிறது: உடைந்தால் செலவு எங்களுடையது, ஆகவே உடையாதபடிதான் செய்திருப்போம். பதம் தப்பிய கத்தி விற்பவர் 25 வருடம் என்று எழுதிக்கொடுத்தால் திவாலாகிவிடுவார். எழுதிக்கொடுத்துவிட்டு முகவரி மாற்றிவிட்டால் ஆகமாட்டார் என்பது நம்மூர்ச் சேர்க்கை.

சீட்டின் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். ‘வரம்புக்குட்பட்ட’ உத்தரவாதம் என்று அமெரிக்க நிறுவனங்கள் எழுதுவது அடக்கத்தால் அல்ல. எழுத்துவடிவ உத்தரவாதம் முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்று பெயரிட்டே தீரவேண்டும் என அங்கே ஒரு சட்டம் வந்தது, அதுவும் 1975இல்தான். தேய்மானம், தவறான பயன்பாடு, நாமே கழற்றி மாற்றியது எதுவும் இதில் சேராது. கத்தியை நெம்புகோலாக்கிப் பெட்டியைத் திறந்து முனையை முறித்தால் அது குறையல்ல, கொடுமை. அனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில். வாழ்நாள் என்பதும், அந்த நிறுவனம் இங்கே ஆள் வைத்திருக்கும்வரைதான் நடைமுறையில் செல்லும்.

ஆகவே வியாசர்பாடிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பொட்டலத்தின் பின்பக்கம். இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்குத் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். அந்த ஒட்டுச்சீட்டு இல்லாத அசலும் பஜாரில் கிடைக்கும், யாரோ பெட்டியில் கொண்டுவந்தது. கருவி அசலாகவே இருக்கலாம், ஆனால் உடைந்தால் கேட்க இங்கே ஒரு கதவும் இல்லை. விலை மலிவு என்பது அந்தக் கதவின் விலையைக் கழித்த கணக்கு. பில் இல்லாமல் வாங்குவதும் அப்படித்தான்.

உரிய உத்தரவாதம் இருந்தும் மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். அதற்கும் முன்பு 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஒரு நுணுக்கம் வடசென்னைக்கு முக்கியம்: வியாபாரத்துக்காக வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கத் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு. எலக்ட்ரீஷியனும் மெக்கானிக்கும் தாராளமாகப் போகலாம். தொழிலாளர்களுக்குக் கொடுக்க நூறு கருவி வாங்கிய கம்பெனிக்குத்தான் சிரமம்.

எலக்ட்ரீஷியன் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மல்டிடூலின் கைப்பிடி வெறும் உலோகம். 230 வோல்ட் ஓடும் வயரை அதனால் தொடுவது சாவை அழைப்பது. மின்வேலைக்கு 1,000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணம் என்றும் குறியிட்ட உறையுள்ள பிளேயர் வேண்டும். வண்ணப் பிளாஸ்டிக் உறை எல்லாமே காப்பு உறை அல்ல. தினமும் வயரோடு வேலை செய்பவருக்கு என் சிபாரிசு, ஒரு நல்ல இந்தியத் தயாரிப்பு கட்டிங் பிளேயரும் திருப்புளியும் டெஸ்டரும்தான். பல ஆயிரம் ரூபாய் மல்டிடூலின் விலையில் ஒரு பங்கில் மூன்றும் முடிந்துவிடும். ஏணிமேல் ஏறியபிறகு பை கீழே இருக்கும் வேளைக்குத்தான் மல்டிடூல்.

உடைந்துவிட்டால் உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்க்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். உடைந்த முகம்தான் சாட்சி. சர்க்கரைபோல் கரடுமுரடாக மின்னினால் உலையில் அளவுக்கு மேல் காய்ச்சியிருக்கலாம். முகத்தின் ஒரு மூலை மட்டும் கறுத்துப் பழையதாக இருந்தால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது, ஒருவேளை தொழிற்சாலையில் முக்கும்போதே விழுந்தது. கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள்போல் வளைவு வளைவாக இருந்தால் பலநாள் சோர்வு. பட்டுப்போன்ற மங்கல் நிறத்தில், ஓரம் இழுபட்டிருந்தால் நம் கைவேலை. வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து நெருக்கமாகப் படம் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி வைக்கலாம். ஆய்வில்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதென்று ஆணையம் நினைத்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. தரமணியிலேயே தேசியச் சோதனைக் கூடத்தின் தென்மண்டலக் கிளை உண்டு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் வழக்குப் போட்டவரே கட்டவேண்டியிருக்கும். ராக்வெல் சோதனைக்கு உடைந்த கத்தியின் சின்னத் துண்டே போதும்.